வெரிபீயில் ஒரு வாடாத புல்தரை

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு மரண அறிவித்தல்கள் முடியும். ஒன்பது ஐம்பதுக்குப் பழைய பாட்டுகள் தொடங்கும். நடுவில் இருக்கிற பத்து நிமிடம், மெல்பேர்ணில் தமிழ் ரேடியோ கேட்கிற சனத்தைப் பொறுத்தவரை, சிறிதரனுடையது. நிகழ்ச்சியின் பெயர் 'வீட்டுத் தோட்டம்'. எந்த மாதத்தில் புல்லுக்குப் பசளை போடுவது, குளிர் தாங்காத செடியை எப்போது உள்ளே எடுப்பது, எப்போது வெளியே வைப்பது என்று பதினொரு வருடமாகச் சொல்லி வருகிறார். சனம் போன் எடுத்துக் கேட்கும். அவர் சொல்லுவார். சொன்னதைச் சனம் செய்யாது. அடுத்த கிழமை, செய்யாததால் வந்த வினையைப் பற்றி மறுபடி போன் எடுத்துக் கேட்கும்.

செய்கிறார்களோ இல்லையோ, கேட்கிறார்கள் என்பதுதான் சிறிதரனுக்கு முக்கியம். ஊரில் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். மண்வெட்டியைக் கையால் தொட்டதில்லை. எண்பத்தெட்டில் இங்கே வந்து, உறைந்த மரக்கறி வைக்கும் குளிர்களஞ்சியம் ஒன்றில் இருபத்தேழு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்த இருபத்தேழு வருடத்தில் இதை ஏற்று, அதை இறக்கு என்று அவருக்குச் சொன்னவர்கள் நூறு பேர் இருப்பார்கள். ஸ்ரீ, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. வீட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. மனைவி விமலாதேவி நல்ல மனுசி. ஆனால் முடிவெடுத்த பிறகுதான் ஆலோசனை கேட்பார்.

தோட்டம் அவர் பட்டுப் படித்தது. வந்த முதல் குளிர்காலம் ஒரு கறிவேப்பிலைக் கன்றைச் சாகக் கொடுத்தார். அடுத்த குளிர்காலம் இரண்டு. மூன்றாம் வருடம் ரோசம் வந்து, நூலகத்தில் இருந்த உறைபனிப் புத்தகங்களையெல்லாம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். நான்காம் வருடத்திலிருந்து அவர் கையில் ஒரு செடியும் சாகவில்லை. ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு மேசையில், முருங்கையை ஏன் இந்த நாட்டில் வெயிலே படாத தெற்குப் பக்கச் சுவரோடு வைக்கக் கூடாது என்று அவர் யாரோடோ கடும் சண்டை பிடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் ரேடியோக்காரி யோகா அவரைப் பிடித்தாள்.

"அண்ணை, இந்தச் சண்டையை மைக்கில பிடிப்பியளோ?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து சிறிதரன் வெறும் சிறிதரன் இல்லை, தோட்டக்கார அண்ணை. கோயிலில், மரக்கறிக் கடையில், மருத்துவர் வீட்டு வாசலில், கண்ட இடத்திலெல்லாம் சனம் அவரை மறித்துப் போனில் இருக்கும் இலையின் படத்தைக் காட்டும். மனுசனுக்கு அது தேன். விமலாதேவி பின்னால் நின்று அவசரப்படுத்த, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த இலையை மாவட்ட நீதிபதி போலப் பார்ப்பார்.

கதை தொடங்குவது போன வருடம். மகன் சஞ்சீவ் மெல்பேர்ணின் மேற்கு ஓரத்தில், வெரிபீயில் புதிதாகப் பிரித்த நிலத்தில் வீடு கட்டி, அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பகுதிக்கு ஒரு சட்டம் உண்டு. குடிவந்து ஆறு மாதத்துக்குள் முன்பக்கத் தோட்டம் முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் வரும். சிறிதரனுக்கு அந்தச் சட்டம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. கொப்பி ஒன்றை எடுத்துத் திட்டம் போட்டார். வெரிபீ மண் களிமண். கோடையில் செங்கல், மாரியில் பசை. ஆகவே பெப்ரவரியில், களியை இளக்க ஜிப்சம் போட்டுக் கிளறுவது. மார்ச்சில் வாரிச் சமப்படுத்துவது. ஏப்ரல் இரண்டாம் கிழமை, கோடை முடிந்தும் மண்ணில் சூடு இன்னும் இருக்க, மழையும் எட்டிப் பார்க்கிற நேரத்தில் விதை. இதையே ரேடியோவிலும் கிழமைக்கிழமை சொன்னார். "எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான் செய்யப்போறன். எல்லாருமாச் சேந்து வளப்பம்" என்றார். இதுவரை யாரும் ரேடியோவில் அப்படிச் சொன்னதில்லை என்று யோகா பாராட்டினாள்.

இடையில் இரண்டு விஷயம் நடந்தது. ஜனவரியில் அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. மார்ச்சில் கொழும்பில் தம்பி மகளின் கல்யாணம். நொண்டி நொண்டியே போனார். ஏப்ரல் முதல் கிழமை திரும்புவதாக இருந்தவர், கல்யாணம், அதன் பிறகு விருந்து, விருந்துக்குப் பிறகு வயிற்றுக் குழப்பம் என்று ஏப்ரல் கடைசியில்தான் திரும்பினார்.

விமான நிலையத்திலிருந்து வந்த கார் வீட்டு வாசலில் திரும்பியபோது சிறிதரன் மூச்சை அடக்கிக்கொண்டார். முன்பக்கம் முழுவதும் பச்சை. மகன் அப்பாவின் கொப்பியைப் பார்த்து விதை போட்டிருக்கிறான், அதுவும் இரண்டு கிழமையில் இப்படி வந்திருக்கிறது! இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தார். உண்மையைக் கால் சொல்லிவிட்டது.

"பிளாஸ்டிக்கோ?" என்றார்.

"அப்பா, யுவர் நீ! உங்கட முழங்கால்!" என்றான் சஞ்சீவ். "டொக்டர் என்ன சொன்னவர்? புல் வெட்டுற மெசின் தள்ளக்கூடாது. இது பத்து வருசம் வொரண்டி. பாருங்கோ, உள்ளுக்குப் பழுப்பு நூலெல்லாம் வச்சிருக்கிறான். யூ காண்ட் ஈவன் டெல்."

சிறிதரனுக்குக் கண் கலங்கியது. களைப்பு என்றார். பெற்ற பிள்ளை தன் முழங்காலை நினைத்துச் செய்த காரியத்தை என்னவென்று திட்டுவது? விமலாதேவி சூட்கேசை உருட்டிக்கொண்டு அதன் மேலேயே நடந்து போனார். "புல்லெண்டாப் புல்லுத்தானே. கால் கழுவிப்போட்டு வாங்கோ" என்றார்.

வருகிற சனிக்கிழமையே உண்மையைச் சொல்லிவிடுவதென்று சிறிதரன் தீர்மானித்துத்தான் போனார். முதல் அழைப்பு வந்தது. அதே வெரிபீயில், ஆறு தெரு தள்ளி இருக்கிற பார்த்தசாரதி. மதுரைக்காரர், ஏதோ வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. மற்ற நேயர்களுக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம். இவர் சொன்னதைச் செய்கிறவர்.

"சார், நீங்க சொன்ன வாரமே விதை போட்டுட்டேன் சார், முளையும் விட்டுடுச்சு. ஜிப்சம், கிளர்றது எல்லாம் நீங்க சொன்ன அளவுதான். நோட்டுல எழுதி வச்சிருக்கேன். சார் வீட்டுலயும் வந்துடுச்சா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யோகா புன்னகையோடு காத்திருந்தாள். சிறிதரன் மைக்கைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார்.

"ஓம், எங்கட வீட்டிலயும் புல்லு வந்திட்டுது" என்றார்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைத்தான் அவர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார். அடுத்த கிழமை சொல்லலாம் என்றும் சொல்லிக்கொண்டார். அடுத்த கிழமை மூன்று பேர் எடுத்து, அண்ணை வீட்டுப் புல்லைப் பற்றி விசாரித்தார்கள். அதற்கு அடுத்த கிழமை சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஆகவே சொல்லவில்லை.

நல்லவேளை, குளிர்காலம் வந்தது. குளிர்காலத்தில் புல் தூங்கும். சனம் அதைப் பற்றிக் கேட்காது. கறிவேப்பிலையைப் பற்றித்தான் கேட்கும். அதில் சிறிதரன் ஒளிக்க ஒன்றும் இல்லை. மே மாதக் கடைசியில் தன்னுடைய பதினொரு சாடிகளையும், கறிவேப்பிலை மூன்று, செவ்வரத்தை, மல்லிகை, மிளகாய் என்று ஒவ்வொன்றாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கராஜுக்குள் இழுத்து, வெயில் படுகிற வடக்கு யன்னலோடு அடுக்கினார். சஞ்சீவின் கார் வெளியே போயிற்று. பிறகு ரேடியோவில் ஆணி அடிக்கிற மாதிரிச் சொன்னார். உள்ளே எடுத்த செடிக்குப் பசளை வேண்டாம். தண்ணீர், மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. வெளியே நிற்கிற பெரிய செடியைப் பொழுதுபடப் பழைய சேலையால் மூடு, விடியக் கழற்று. பொலித்தீனால் மூடாதே, இலை அதில் ஒட்டிக் கருகும். இலை எல்லாம் கொட்டினாலும் பயப்படாதே. பட்டையை நகத்தால் சுரண்டு. உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நவம்பர் வரைக்கும் பொறு.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான், கிளென் வேவர்லியில் இருக்கிற விக்னராஜா ஓகஸ்ட் மாதம் போன் எடுத்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக அங்கே வீடு வாங்கி, பிள்ளைகள் படித்து முடித்துப் போன பிறகும் அந்தப் பெருமையிலேயே இருக்கிற மனுசன்.

"சிறி அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரி உள்ளுக்கு எடுத்தனான். செத்துப்போச்சு."

"எங்க வச்சனீங்கள்?"

"சாமி அறையில. அங்கதான் ஹீட்டர் நல்லா வரும்."

"தண்ணி?"

"தண்ணி விடேல்லை. நீங்கள் விட வேண்டாம் எண்டனீங்கள்தானே. மனுசி ஒவ்வொரு நாளும் புளிச்ச மோர்தான் ஊத்தினவ. கறிவேப்பிலைக்கு மோர் நல்லதெல்லே?"

சிறிதரன் கண்ணை மூடித் திறந்தார். மோர் கோடையில் நல்லது. தூங்குகிற செடிக்கு ஓகஸ்டில் தினமும் மோர் ஊற்றினால் வேர் அழுகாமல் வேறென்ன செய்யும்? அதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். விக்னராஜா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ரேடியோவைக் கேட்டதால்தான் கன்று செத்தது என்பது அவருடைய தீர்ப்பு. சிறிதரனின் கராஜில் பதினொரு சாடியும் உயிரோடு இருந்தன. அதை யாரும் வந்து பார்க்கவில்லை.

டிசம்பரில் வெயில் வந்தது. நேயர்களின் புல் ஒவ்வொன்றாக மஞ்சளாயிற்று. வெரிபீயில் ஒரே ஒரு முன்பக்கம்தான் பச்சையாக நின்றது. பார்த்தசாரதி காலை நடையில் அந்த வழியாக வருவார். ஒருநாள் ஆறு மணிக்கு வந்தபோது சிறிதரன் கையில் குழாயோடு நின்று புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டுகிற வீடுகளின் தூசு அந்தப் பிளாஸ்டிக்கில் அப்பிக்கொள்ளும், போதாததற்கு வெயில் ஏறினால் கால் வைக்க முடியாமல் கொதிக்கும், அதனால் விடியவே கழுவி விடுவார். பார்த்தசாரதி கண்டது வேறு. விடியற்காலையில், வெயிலுக்கு முன்னால், ஆழமாகத் தண்ணீர் விடுகிற ஒரு மகானைக் கண்டார்.

"இதுதான் சார் ரகசியமா?" என்றார் நடைபாதையிலிருந்து.

"விடிய விட்டாத்தான் வேருக்குப் போகும்" என்றார் சிறிதரன். இதுவும் பொய் இல்லை. வேர் உள்ள புல்லுக்கு அப்படித்தான்.

அன்று மாலை அந்தப் புல்லின் படம் நேயர்களின் வட்ஸப் குழுவில் வந்தது. 'சார் வீட்டுப் புல், டிசம்பரில்' என்று கீழே எழுதி, கைகூப்பிய பொம்மை மூன்று. நூற்றுப் பன்னிரண்டு பேர் மெச்சினார்கள். சிறிதரன் அந்தக் குழுவை நாளுக்கு இருபது தடவை திறந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வீதியோரத்தில் இருந்த நகரசபையின் உண்மைப் புல்லை, டொக்டர் சொன்னதையும் மீறி, மெசினால் வெட்டத் தொடங்கினார். ஆறடி அகலப் புல்லுக்கு முக்கால் மணித்தியாலம் மெசின் சத்தம் கேட்டது. பார்த்தசாரதியும் தினமும் ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழும்பித் தண்ணீர் விடத் தொடங்கினார். அவருடைய புல் அப்படியும் அரை மஞ்சளாகத்தான் இருந்தது.

தைப்பொங்கல் வந்தது. பழைய வீட்டில் பின்வளவில் பொங்கியவர்கள். புது வீட்டில் பின்வளவு மேற்குப் பக்கம்; சூரியன் முன்னாலேதான். விமலாதேவி முன்பக்கத்தில்தான் பொங்குவதென்று முடிவெடுத்து, பார்த்தசாரதியையும் வரச் சொல்லிவிட்டு, பிறகு சிறிதரனிடம் ஆலோசனை கேட்டார்.

காரை வெளியே எடுக்கச் சோம்பி, சஞ்சீவ் வாசல் கொன்கிரீட்டில் இரண்டு காரையும் நிறுத்திவிட்டு நித்திரை. மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில் விமலாதேவி கோலம் போட்டார். அடுப்புக் கல்லு மூன்றையும் தூக்கிக்கொண்டு புல்லின் நடுவுக்கு வந்தார். கீழே பழைய கேக் தட்டு ஒன்றை விரித்தார். அது போதும் என்பது அவருடைய கணக்கு. சிறிதரன் குசினியிலிருந்து பானையோடு வெளியே வந்து இதைக் கண்டபோது, பார்த்தசாரதி ஏற்கெனவே பட்டு வேட்டியோடு, கையில் கரும்போடு, நடைபாதையோரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இதில வேண்டாம்" என்றார் சிறிதரன்.

"ஏன்?" என்றார் விமலாதேவி.

ஏன் என்று சொல்ல இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லையும் பார்த்தசாரதிக்கு முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "புல்லு பழுதாப்போகும்" என்றார்.

"ஒரு நாளைக்குத்தானே சார்" என்றார் பார்த்தசாரதி. "உங்க புல்லுக்கு ஒண்ணும் ஆகாது. சூரியனுக்கு முன்னாடி பச்சைப் புல்லுல பொங்கல், பார்க்கவே எவ்வளவு நல்லா இருக்கு!"

"பாத்தியளோ, ஆக்களே சொல்லினம்" என்றார் விமலாதேவி. "பானையைத் தாங்கோ."

கொடுத்தார். அடுப்பு மூண்டது. சிறிதரன் நெருப்புக்கும் பார்த்தசாரதிக்கும் நடுவே நின்றுகொண்டார். ஒரு விறகு சரிந்தது. தணல் தட்டைத் தாண்டி விழுந்தது. பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தபோது விமலாதேவியும் பார்த்தசாரதியும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஒரு மணம் வந்தது. பாலின் மணமும் இல்லை, வெல்லத்தின் மணமும் இல்லை.

வீட்டுக் கதவு அடித்துத் திறந்தது. சஞ்சீவ் காற்சட்டையோடு ஓடிவந்தான். "அம்மா! த டர்ஃப்! இட்ஸ் மெல்டிங்! பிளாஸ்டிக்கில ஆராவது நெருப்பு வைப்பினமோ?"

கறுத்த புகை எழும்பியது. ஒரு கல்லு மெல்லச் சரிந்து புல்லுக்குள் இறங்கியது. சஞ்சீவ் குழாயை இழுத்துத் தண்ணீர் அடித்தான். எல்லாம் முடிந்தபோது நடுவில் பெரிய தோசை அளவுக்குக் கறுப்பு வட்டம்; ஓரமெல்லாம் பச்சை உருகிச் சுருண்டிருந்தது. பார்த்தசாரதி குனிந்து அந்த ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளி, எரியாத இடத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"எப்பலேருந்து சார்?" என்றார்.

"ஏப்ரலில இருந்து."

அவர் தலையை ஆட்டினார். கொடுத்த பொங்கலை வாங்கி, முழுவதையும் சாப்பிட்டு, நல்லா இருக்கு மேடம் என்று விமலாதேவியிடம் சொல்லிவிட்டுப் போனார். கோபித்திருந்தால் சிறிதரனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று முழுவதும் வட்ஸப் குழுவைத் திறக்கவே பயமாக இருந்தது. ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பார்த்தசாரதி யாருக்கும் சொல்லவில்லை என்பது மெல்ல விளங்கியது. அதைத்தான் சிறிதரனால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார். பதினொரு வருடம். இனி யாரும் கோயிலில் மறிக்க மாட்டார்கள். மறுபடியும் ஃபோர்க்லிஃப்ட் ஸ்ரீயாகப் போக வேண்டியதுதான், ஓட்ட ஃபோர்க்லிஃப்ட் கூட இல்லாமல். இரண்டு தடவை தாளைக் கிழித்தார். ஆனாலும் எழுதி முடித்தார்.

சனிக்கிழமை மரண அறிவித்தல்கள் முடிந்ததும் அதை வாசித்தார்.

"அன்பான நேயர்களே, போன ஏப்ரலில இருந்து எங்கட வீட்டு முன்புல்லு பிளாஸ்டிக். நான் அதை உங்களுக்குச் சொல்லேல்லை. உண்மைப் புல்லு வளக்கிற ஆள் மாதிரி இருந்து உங்களுக்குப் புத்தி சொன்னனான். டிசம்பரில நீங்கள் பாத்த படமும் அதுதான். நான் செய்தது பிழை. இண்டையோட இந்த நிகழ்ச்சியில இருந்து விலகிறன். என்னைத் திட்ட விரும்புற ஆக்கள் இப்ப எடுக்கலாம்."

கண்ணாடிக்குப் பின்னால் யோகா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு போன் பலகையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி ஒன்பது விரலைக் காட்டினாள். பதினொரு வருடத்தில் ஒரே நேரத்தில் ஒன்பது அழைப்பு வந்ததே இல்லை. சிறிதரன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாங்கிக்கட்டத்தான் வேண்டும்.

முதல் ஆள் கிளென் வேவர்லி விக்னராஜா.

"சிறி அண்ணை, நான் கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. அந்தப் படத்தை நானும் பாத்தனான். பிளாஸ்டிக் எண்டு சத்தியமாத் தெரியேல்லை. அது எந்த வகை? கட்டைப் புல்லோ, நீட்டுப் புல்லோ?"

சிறிதரன் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, லைனில நிக்கிறியளோ?"

"நீட்டு. முப்பத்தைஞ்சு மில்லி" என்றார் சிறிதரன்.

அடுத்தது பொயிண்ட் குக்கிலிருந்து ஹரிப்பிரியா என்றொரு பெண். "அங்கிள், எங்க வீட்ல நாய் இருக்கு. அது யூரின் போனா வாடை வருமா?" அதற்கடுத்தவருக்கு, வெயிலில் எவ்வளவு சுடும் என்று தெரிய வேண்டும். அதற்கடுத்தவர், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், புல் வெட்டுவதில் வீட்டில் ஒவ்வொரு சனியும் சண்டை, இதைப் போட்டால் தீருமா என்று கேட்டார். இன்னொரு பெண், "அப்ப பொங்குறதெண்டா எங்க வைக்கிறது அண்ணை?" என்றாள். சிறிதரன் ஒவ்வொருவருக்கும் சொன்னார். சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது மாதம் அதைக் கழுவி, கூட்டி, ஒளித்து வளர்த்தவர் அல்லவா?

ஒருவரும் திட்டவில்லை. திட்டு வாங்க வந்த மனுசனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. இந்தச் சனம் பதினொரு வருடம் தன்னைக் கேட்டது புல் வளர்க்க அல்ல. நம்பிக்கையான ஆள் ஒருவர் வந்து, வளர்க்கத் தேவையில்லை என்று சொல்லும்வரை காத்திருந்திருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது.

யோகா அவரை விலக விடவில்லை. பெப்ரவரியிலிருந்து நிகழ்ச்சி இருபது நிமிடம். மரண அறிவித்தல்களை ஐந்து நிமிடம் முன்னுக்குத் தள்ளினாள், பாட்டுகளை ஐந்து நிமிடம் பின்னுக்குத் தள்ளினாள். கோயிலில் முன்னைவிட அதிகம் பேர் மறித்தார்கள். இலையின் படத்தைக் காட்டவில்லை. முன்பக்கத்தின் அளவைச் சொன்னார்கள். மார்ச்சில் ஒருமுறை, குளிர் வரப்போகிறது, கறிவேப்பிலைச் சாடிகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோமா என்று சிறிதரன் கேட்டுப் பார்த்தார். "பேசலாம் அண்ணை, கடைசியில நேரமிருந்தா" என்றாள் யோகா. நேரம் இருக்கவில்லை.

பார்த்தசாரதியிடமிருந்து மட்டும் அழைப்பு வரவில்லை. காலை நடையையும் அவர் வேறு தெருவால் மாற்றிக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள், முழங்காலுக்கு நடை நல்லதென்று டொக்டர் சொன்னார் என்ற சாட்டில், சிறிதரன் ஆறு தெரு தாண்டிப் போனார். பார்த்தசாரதி வீட்டைக் கண்டதும் நடை தானாக நின்றது. முன்பக்கம் முழுவதும் பச்சை. ஒரே பச்சை இல்லை. ஓரத்தில் கடும் பச்சை, நடுவில் இளம் பச்சை, இரண்டொரு இடத்தில் இப்போதுதான் முளைத்த ஊசிப் பச்சை. அந்தத் தெருவில் மற்ற மூன்று வீட்டில் பிளாஸ்டிக் போட்டாயிற்று. அந்த மூன்றும் இவர் ரேடியோவில் சொன்ன நீளம்தான்.

பார்த்தசாரதி குழாயோடு நின்றுகொண்டிருந்தார். சிறிதரனைக் கண்டு, "வாங்க சார்" என்றார். மரியாதையில் குறைவில்லை.

ஒரு தோட்டத்தைப் பார்த்து இன்னொருவரிடம் கேள்வி கேட்பது சிறிதரனுக்குப் பழக்கமில்லை. சற்றுத் தடுமாறினார். "என்ன செய்தனீங்கள்? இப்பிடி வந்திருக்கு" என்றார்.

"நான் என்ன சார் செஞ்சேன். நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன். கோடையில மஞ்சளானாலும் வேர் சாகாது, பிடுங்காதீங்க, மழை வர்றப்ப ஓட்டையில மட்டும் விதை போடுங்கன்னு சொன்னீங்களே. நோட்டுல இருந்துச்சு."

சிறிதரன் ஒரு அடி கிட்ட வந்தார். "ரேடியோவில சொல்லுங்கோவன், பார்த்தசாரதி. நான் யோகாவிட்டச் சொல்லுறன். சனம் கேக்கட்டும்."

"இல்ல சார், நான் இப்ப ரேடியோ கேக்கறதில்ல. பிளாஸ்டிக் பத்தித்தானே வருது. எனக்கு அது தேவைப்படல." கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

சிறிதரனுக்குப் பேச இருந்தது நிறைய. அதையெல்லாம் விட்டுவிட்டு, கேட்காமல் கொள்ளாமல், நடைபாதையில் செருப்பைக் கழற்றினார். வலது காலைத் தூக்கிப் புல்லின் மேல் கொண்டுபோனார்.

"சார், சார்!" என்று பார்த்தசாரதி பதறிக் குழாயை நிறுத்தினார். "இப்பதான் முளை விட்டிருக்கு. ஆறு வாரத்துக்கு யாரையும் மிதிக்க விடக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லியிருக்கீங்க?"

"ஓம். நான்தான் சொன்னனான்" என்றார் சிறிதரன். தூக்கிய காலைச் செருப்புக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.